வீட்டுத் தோட்டத்தில் பேரிக்காய் மரம்: ஒன்று போதுமா, எப்போது பறிப்பது?

கேள்வி இதுதான்: வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 20 அடி இடம் காலியாகக் கிடக்கிறது, நல்ல வெயில் படும். பேரிக்காய் மரம் வைக்க ஆசை. ஒன்று போதுமா, விதை போட்டு வளர்க்கலாமா, எத்தனை வருடத்தில் காய்க்கும்? பக்கத்து வீட்டில் ஒரு மரம் வருடா வருடம் வெள்ளை வெளேரென்று பூக்கிறது, ஆனால் காய் பிடிப்பதே இல்லை. அதைப் பார்த்துத்தான் தயக்கம்.

தாராளமாக வைக்கலாம். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேரி மரத்தோடு பல வருடம் மல்லுக்கட்டியதில் எனக்குப் புரிந்தது, அதில் நம்முடைய வேலை இரண்டே இடத்தில்தான் இருக்கிறது. கன்று வாங்குவதற்கு முன்னால் எடுக்கிற முடிவுகள் ஒன்று, காய் பறிக்கிற நாள் இன்னொன்று. நடுவில் வருகிற வருடங்களில் ஓயாமல் கை வைத்துக்கொண்டே இருப்பவர்கள்தான் மரத்தைக் கெடுக்கிறார்கள். நானும் கெடுத்திருக்கிறேன்.

முதல் முடிவு குளிரைப் பற்றியது. பேரி இலையுதிர்க்கும் மரம். குளிர்காலத்தில் தூங்கும், போதுமான குளிர் பட்ட பிறகுதான் மொட்டு விழிக்கும். இந்தக் குளிரை மணிக்கணக்கில் அளப்பார்கள். குளிர்காலம் முழுக்க, வெப்பநிலை 0 முதல் 7 டிகிரி செல்சியஸுக்குள் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் எவ்வளவு வருகிறது என்பதுதான் கணக்கு. ஐரோப்பிய ரகங்களில் பெரும்பாலானவை 600 முதல் 1000 மணி நேரம் வரை கேட்கும். ஆப்பிள் மாதிரி உருண்டையாக, கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும் ஆசிய ரகங்களுக்குப் பொதுவாக அதைவிடக் குறைவாகவே போதும். கீஃபர், ஹூட், ஃப்ளோர்டாஹோம் போன்ற சில ரகங்கள் 400 மணி நேரத்துக்குள்ளேயே திருப்தியடைந்துவிடும். உங்கள் ஊரின் குளிர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் படத்தைப் பார்த்துக் கன்று வாங்காதீர்கள். குளிர்காலமே இல்லாத இடத்தில் எந்த ரகமும் உருப்படாது. மரம் செத்துத் தொலைந்தாலாவது மனம் ஆறும், அதுவும் ஆகாது. இலை தாறுமாறாக விடும், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும், நீங்களும் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று காத்துக்கொண்டே இருப்பீர்கள்.

இரண்டாவது, வேர். விதை போட்டால் முளைக்கத்தான் செய்யும். ஆனால் சாப்பிட்ட பழம் திரும்பக் கிடைக்காது. பேரி வேறொரு மரத்தின் மகரந்தத்தில்தான் விதை வைக்கும் என்பதால் ஒவ்வொரு விதையும் புது மரம், பெரும்பாலும் சின்னதாக, கல்லுக் கல்லாக, துவர்ப்பாகக் காய்க்கிற மரம். அதையும் பார்க்கப் பத்து வருடம்கூட ஆகலாம். மரமோ முப்பது நாற்பது அடி வரை வளரக்கூடியது. ஆகவே ஒட்டுக்கன்றுதான். அந்த ஒட்டு எந்த வேர்ச்செடியின் மேல் கட்டப்பட்டது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். மேலே இருக்கும் ரகத்தைச் சொல்லி விற்பவர்கள் கீழே இருக்கும் வேரைச் சொல்வதில்லை, ஆனால் மரத்தின் உயரத்தையும் காய்க்கிற வயதையும் தீர்மானிப்பது வேர்தான். பேரிக்கு உறவான குவின்ஸ் என்ற மரத்தின் வேரில் கட்டிய கன்று குட்டையாக நிற்கும், கவாத்து செய்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டி, 10 முதல் 15 அடிக்குள் வைத்துக்கொள்ளலாம், மூன்று முதல் ஐந்து வருடத்தில் காய்க்கும். உங்கள் இடத்துக்கு அதுதான் பொருத்தம். குவின்ஸுக்கு ஒரு குறை உண்டு. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்தை எடுக்கத் தெரியாமல் இலை வெளுத்துப் போகும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அந்த மாதிரி மண் என்றால் பேரியின் வேரிலேயே கட்டிய, அளவாக வளரும் கன்றாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் துணை. பக்கத்து வீட்டு மரத்தின் கதை அநேகமாக இதுதான்.

பேரிப் பூவின் சூலகம் தன் சொந்த மகரந்தத்தை அடையாளம் கண்டுகொண்டு, அந்த மகரந்தக் குழல் உள்ளே இறங்குவதற்குள் பாதி வழியிலேயே நிறுத்திவிடும். சொந்த மகரந்தம் என்றால் அதே பூ, அதே மரம் மட்டுமில்லை. ஒரே ரகத்தின் எல்லா ஒட்டு மரங்களும் உண்மையில் ஒரே மரத்தின் துண்டுகள், அதனால் அவையும் இதில் சேர்த்தி. ஆகவே வேறு ரகம் ஒன்று, அதே நாட்களில் பூக்கக்கூடியது, கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டது அதிகம். துணை மரம் வேண்டும் என்பது தெரிந்தே இரண்டு கன்று வாங்கினேன். ஒன்றின் சீட்டில் வில்லியம்ஸ், இன்னொன்றில் பார்ட்லெட். நட்டேன், வளர்ந்தன, மூன்று வசந்தம் இரண்டும் ஒரே நாளில் பூத்தன. காய் என்று பார்த்தால் இரண்டிலும் சேர்த்து விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரே நாளில் பூக்கிறதே, எவ்வளவு பொருத்தமான ஜோடி என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் அப்படி அச்சு அசலாக ஒரே நாளில் பூக்கிறது என்று யோசிக்கவில்லை. இரண்டும் ஒரே ரகம். 1770 வாக்கில் இங்கிலாந்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் தோட்டத்தில் தோன்றிய மரம் அது. வில்லியம்ஸ் என்ற நர்சரிக்காரர் பரப்பியதால் அங்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவுக்குப் போன மரங்கள் ஈனாக் பார்ட்லெட் என்பவர் வாங்கிய தோட்டத்தில் நின்றன. என்ன ரகம் என்று தெரியாமல் அவர் தன் பெயரிலேயே அதைப் பரப்பிவிட்டார். இன்றைக்கும் இரண்டு பெயரிலும் விற்கிறது. எனக்கு விற்ற நர்சரிக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். கேட்காதது என் தப்பு.

வேறு ரகமாக இருந்தாலும் எல்லா ஜோடியும் ஒத்துப்போகாது. வில்லியம்ஸுக்கும் செக்கலுக்கும் ஆகாது என்பது தோட்டக்காரர்களுக்குப் பழைய பாடம். கேட்டியாக், மெர்ட்டன் பிரைடு போன்ற சில ரகங்களின் மகரந்தம் யாருக்கும் உதவாது. அவற்றை வைத்தால் இன்னும் இரண்டு ரகம் வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவு இடம் உங்களிடம் இல்லை. கான்ஃபரன்ஸ் மட்டும் ஓரளவு தனியாகவே காய்க்கும். துணை இல்லாத வருடத்தில் விதையில்லாமல் வாழைப்பழம் மாதிரி நீண்டு வளைந்த காய்களைப் பார்க்கலாம். கான்ஃபரன்ஸும் வில்லியம்ஸும் நல்ல ஜோடி. ஆசிய ரகங்கள் பொதுவாக முந்திக்கொண்டு பூக்கும், அதனால் ஆசியத்துக்கு ஆசியமாகவே ஜோடி சேர்ப்பது பத்திரம்.

தேனீக்களையும் அதிகம் நம்பாதீர்கள். பேரிப் பூவின் தேனில் சர்க்கரை குறைவு. பூ பார்க்க அழகுதான், பால் வெள்ளை இதழும் நடுவில் கருஞ்சிவப்பு மகரந்தப் பைகளுமாக இருக்கும். கிட்டப் போய் மோந்தால் லேசாக மீன் வாடை. பக்கத்தில் வேறு நல்ல பூ இருந்தால் தேனீ அங்கே போய்விடும். போதாக்குறைக்கு ஆப்பிளுக்கு முன்பே பூப்பதால் குளிரும் மழையும் தேனீயை வெளியே விடாத நாட்களாக இருக்கும். விரிந்த பூவில் உறைபனி விழுந்து மைனஸ் 2 டிகிரிக்குப் போனால் பூ கருக ஆரம்பிக்கும், மைனஸ் 4 தாண்டினால் அநேகமாக எல்லாமே போய்விடும். சின்ன மரம் என்றால் அந்த இரவுகளில் துணி போட்டு மூடி, காலையில் எடுத்துவிடலாம். மதிய வெயிலில் மெல்லிய ஓவியத் தூரிகை ஒன்றால் ஒரு ரகத்தின் பூவைத் தொட்டு இன்னொரு ரகத்தின் பூவைத் தடவுவதும் நடக்கிற காரியம். அரை மணி நேர வேலை.

நடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரம் தூங்குகிற காலத்தில் நடுங்கள். குழி ஆழமாக வேண்டாம், அகலமாக இருக்கட்டும். குழிக்குள் உரம் போடாதீர்கள், எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். ஒட்டு கட்டிய இடத்தில் தண்டு லேசாக முட்டி மாதிரி வளைந்து புடைத்திருக்கும். அது மண்ணுக்கு மேலே அரை அடியாவது நிற்க வேண்டும். புதைத்துவிட்டால் மேலே இருக்கும் ரகம் சொந்தமாக வேர் விட்டுவிடும், குட்டை வேருக்குக் கொடுத்த காசு வீண். பேரி ஆப்பிளைவிடக் களிமண்ணைத் தாங்கும், ஆனால் தண்ணீர் தேங்கினால் தாங்காது. மண்ணின் பி.எச். 6க்கும் 7க்கும் இடையில் இருந்தால் நல்லது. உங்கள் 20 அடியில் குவின்ஸ் வேர்க் கன்று இரண்டை 10, 12 அடி இடைவெளியில் நடலாம். முதல் இரண்டு கோடையில் வாரம் ஒரு முறை வேர் வரை இறங்கும்படி தண்ணீர் விடுங்கள். அடியில் மூடாக்கு போடுங்கள், தண்டைத் தொடாமல்.

கிளைகளைப் பழக்குவதுதான் முதல் மூன்று வருட வேலை. பேரி இயல்பிலேயே விறைப்பான மரம்; எல்லாக் கிளையும் வானத்தைப் பார்த்து நேராகப் போகும். நேராகப் போகிற கிளை வளர்ந்துகொண்டே இருக்கும், காய்க்காது. படுக்கிற கிளைதான் வேகம் குறைந்து மொட்டு கட்டும். அதனால் கத்தரியை எடுப்பதற்கு முன் கயிற்றை எடுங்கள். கிளை பென்சில் கனத்துக்கு வரும் முன்பே, தண்டிலிருந்து அரைச் செங்கோணத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாயும்படி இழுத்துக் கட்டுங்கள். துளிர் விரல் நீளம் இருக்கும்போது துணி காயப்போடும் கிளிப்பைத் தண்டில் மாட்டி, அதன் வால் துளிரைக் கீழே அழுத்தும்படி விட்டாலே போதும். ஒரு பருவத்தில் அந்தக் கோணத்திலேயே முற்றிவிடும். பிறகு அந்தக் கிளைகளில் சுருக்கம் சுருக்கமாக, விரல் நீளம்கூட இல்லாத குட்டைக் கிளைகள் வரும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட கிளையில்தான் வரும். காய்க்கப் போவது அவைதான், பல வருடம் காய்க்கும். பார்க்கக் காய்ந்த குச்சி மாதிரி இருக்கிறதே என்று சீவிவிடாதீர்கள்.

கவாத்து குளிர்காலத்தில் கொஞ்சமாக. செத்தது, உரசுவது, உள்ளே நுழைவது, அவ்வளவுதான். வெட்ட வெட்ட மரம் வெறிகொண்டு நீர்ப்போத்துகளை, அதாவது காய்க்காமல் நேராக மேலே ஓடும் கிளைகளை, கிளப்பும். உரமும் அப்படியே. மரம் ஒரு பருவத்தில் ஒன்று ஒன்றரை அடி வளர்ந்தால் அதற்கு ஒன்றும் தேவையில்லை. அதற்குக் குறைவாக இருந்தால் மக்கிய தொழு உரம் ஒரு கூடை.

தழைச்சத்தில் நான் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிறேன் என்றால், தீக்கருகல் நோய். உலகத்தில் பேரி வளர்க்கிறவர்கள் தூக்கம் கெடுவது இதனால்தான். பூ விட்ட சமயத்தில் வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் ஒரு பாக்டீரியா பூ வழியாக உள்ளே போகும். கொழுகொழுவென்று வளர்கிற இளந்துளிர் அதற்கு விருந்து. துளிரின் நுனி ஆடு மேய்ப்பவரின் துரட்டி மாதிரி வளைந்து தொங்கும், இலை நெருப்பில் வாட்டியது போலக் கறுத்துப் போகும், ஆனால் உதிராமல் மரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரமான காலையில் பட்டையில் பழுப்புத் துளி கசிவதைப் பார்க்கலாம். பாக்டீரியாவால் செடிக்கு நோய் வரும் என்பதே இந்த நோயை வைத்துத்தான் முதலில் தெரிந்தது, 1880 வாக்கில், தாமஸ் பர்ரில் என்பவர் மூலம். அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் மெர்ட்டன் வெய்ட் என்பவர் தேனீக்கள் அதைப் பூவுக்குப் பூ தூக்கிப்போவதைக் காட்டினார். பேரிக்கு வேறு ரக மகரந்தம் வேண்டும் என்பதை விளக்கியதும் அதே வெய்ட்தான். காய் தருகிற தேனீயே நோயையும் தருகிறது என்பதை ஒரே மனிதர் கண்டுபிடித்திருக்கிறார்.

மருந்தைவிட வெட்டுதான் உதவும். கறுத்த இடத்தோடு நிறுத்தாமல், அதற்குக் கீழே நல்ல பட்டையிலும் 20 முதல் 30 செ.மீ. சேர்த்து, ஈரமில்லாத நாளில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். வெட்டியதை எரித்துவிடுங்கள். கீஃபர் மாதிரி ஓரளவு தாங்கும் ரகங்கள் உண்டு. நோய் அடிக்கடி வருகிற பகுதி என்றால் சுவையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அவற்றை வைப்பது புத்திசாலித்தனம்.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். இலைமேல் கறுப்பாக வழவழவென்று நத்தை மாதிரி ஊர்வது நத்தை இல்லை, குளவிக்கு உறவான ஒரு பூச்சியின் புழு. நரம்பை விட்டுவிட்டு இலையைச் சுரண்டித் தின்னும். குழாய்த் தண்ணீரைப் பீச்சினால் விழுந்துவிடும். இலை பிசுபிசுவென்று ஒட்டிப் புகை படிந்தது போல இருந்தால் சாறு உறிஞ்சும் பூச்சி. தழைச்சத்தைக் குறையுங்கள், பாதி அடங்கும். காய்க்குள் நுழையும் புழுவுக்கு, காய் கோலிக்குண்டு அளவு இருக்கும்போதே பை மாட்டிவிடுவதுதான் எனக்குத் தெரிந்த நிம்மதியான வழி. பை மாட்டும்போதே காயையும் களைந்துவிடலாம்: ஒரு கொத்துக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. கிள்ளி எறிய மனசு வராது. எறியாவிட்டால் எல்லாமே சுண்டைக்காயாக நிற்கும், அடுத்த வருடம் மரம் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

இனி பறிப்பது. பழுத்த பிறகும் இதைத் தமிழில் பேரிக்காய் என்றே சொல்கிறோம். பறிப்பதைப் பொறுத்தவரை அந்தப் பெயர் மிகச் சரி. ஐரோப்பிய ரகங்களைக் காயாகத்தான் பறிக்க வேண்டும். மரத்தில் பழுக்க விட்டால் உள்ளிருந்து வெளியே பழுக்கும். தோல் மஞ்சளாகும் நேரத்தில் நடுப்பகுதி குழைந்து பழுப்பாகிவிடும், சதையில் மணல் மாதிரிக் கல் அணுக்கள் நெறுநெறுக்கும். என் முதல் விளைச்சலை அப்படித்தான் பறிகொடுத்தேன். வெளியே தங்கம் மாதிரி இருந்த பழத்தை வெட்டினால் உள்ளே சேறு.

முற்றியதா என்று பார்க்க அழுத்திப் பயனில்லை, கல்லாகத்தான் இருக்கும். காயை உள்ளங்கையில் தாங்கி, தொங்குகிற நிலையிலிருந்து படுக்கை நிலைக்கு மெல்லத் தூக்குங்கள். காம்பு குட்டைக் கிளையிலிருந்து டக்கென்று கழன்று வந்தால் நாள் வந்துவிட்டது. இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கூடவே, கரும்பச்சை கொஞ்சம் இளகி வெளிறும், தோலில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள் பழுப்பாகும்.

பறித்ததும் நேராகக் கூடைக்குப் போகக் கூடாது, குளிர்சாதனப் பெட்டிக்குப் போக வேண்டும். குளிர்தான் அதற்குள் பழுக்கும் விசையைத் தட்டிவிடுகிறது. வில்லியம்ஸுக்குச் சில நாட்களே போதும், கோமிஸ் என்ற ரகத்துக்கு மூன்று நான்கு வாரம், ஆன்ஜூ என்ற ரகம் இரண்டு மாதம் வரை கேட்கும். பிறகு வெளியே எடுத்து 18 முதல் 21 டிகிரியில் வையுங்கள், ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாளில் பழுத்துவிடும். அவசரம் என்றால் காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு மூடுங்கள். தினமும் காம்புக்குப் பக்கத்தில், கழுத்தில் மட்டும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே லேசாக அமுங்கினால் அன்றைக்கே சாப்பிடுங்கள். வயிற்றுப் பகுதி அமுங்கும் வரை காத்திருந்தால் நடுப்பகுதி போயிருக்கும். ஆசிய ரகங்களுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. மரத்திலேயே பழுக்கும், ஒன்றைக் கடித்துப் பார்த்து இனித்தால் மீதியைப் பறிக்கலாம். தோல் மட்டும் மென்மை, விரல் பட்ட இடமெல்லாம் தடம் விழும்.

மரத்தின் ஆயுளைப் பற்றிக் கவலை வேண்டாம். அமெரிக்காவின் டேன்வர்ஸில் 1630களிலோ 1640களிலோ நட்ட ஒரு பேரி இன்றும் நிற்கிறது. 1964ல் யாரோ அதன் கிளைகளையெல்லாம் வெட்டி, ஆளுயரத் தண்டாக விட்டுப் போயும் மறுபடி துளிர்த்தது. குவின்ஸ் வேர் அவ்வளவு தாங்காது, இருந்தாலும் உங்களுக்குப் போதும்.

கடைசியாக, பக்கத்து வீட்டு மரம். கன்று வாங்கும் முன் அவரிடம் அது என்ன ரகம் என்று கேளுங்கள். அதிலிருந்து வேறுபட்ட, அதே சமயத்தில் பூக்கும் ரகமாகப் பார்த்து வாங்கினால் உங்களுக்கு ஒரு மரமே போதும். அவருக்கும் பெயர் தெரியவில்லை என்றால் இரண்டாக வாங்கிவிடுங்கள். எப்படியும் உங்கள் மரம் பூக்கத் தொடங்கிய வருடத்திலிருந்து அவர் மரமும் காய்க்கத் தொடங்கலாம். அப்போது எப்போது பறிக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். இத்தனை வருடம் காத்திருந்தவர், மரத்திலேயே பழுக்கட்டும் என்று விட்டுவிடப் போகிறார்.